ஆளிக் குஞ்சு இரண்டாம் நாளே அடியில் படிகிறதா? பிஎச் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்

கரைக்காற்று:
ஆளி (ஆய்ஸ்டர் என்னும் சிப்பி) குஞ்சு செத்தால் முதல் பழி பாக்டீரியா மேல்தான் விழும். அமெரிக்காவின் ஒரேகான் கரையில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் இருக்கும் விஸ்கி க்ரீக் ஆளிப் பொரிப்பகத்திலும் அதுதான் நடந்தது. 2007, 2008ல் பசிபிக் ஆளிக் குஞ்சுகள் தொட்டி தொட்டியாகச் செத்தன. விப்ரியோ டூபியாஷி என்ற பாக்டீரியாதான் காரணம் என்று நீரைச் சுத்திகரித்துப் பார்த்தார்கள். பாக்டீரியா இல்லாத நீரிலும் குஞ்சு செத்தது.

காரணம் காற்றில் இருந்தது. கோடையில் அங்கே வடக்கிலிருந்து தொடர்ந்து காற்றடித்தால் மேல்நீர் கரையை விட்டு விலகும். அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். அது வெளிக்காற்றைக் கடைசியாகத் தொட்டுப் பல பத்தாண்டுகள் ஆன நீர். மேலிருந்து விழுந்த உயிர்க்கழிவெல்லாம் மக்கி, கார்பன் டை ஆக்ஸைடு ஏற்கெனவே ஏறிப்போயிருக்கும். புகைபோக்கி வழியாக நாம் விட்டதும் அதோடு சேர, குஞ்சு தாங்கும் எல்லையை நீர் தாண்டிவிட்டது. பொரிப்பகத்தின் ஆலன் பார்ட்டன், ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸ் முதலானோர் 2012ல் வெளியிட்ட கணக்கில், விரிகுடா நீரின் பிஎச் (அமில, கார அளவு) 7.6க்கும் 8.2க்கும் நடுவே ஊசலாடுகிறது. அரகோனைட் என்பது ஓடு கட்டும் கால்சியம் கார்பனேட் வகை; அது நீரில் கரையுமா படியுமா என்று காட்டும் அரகோனைட் ஒமேகா 0.8லிருந்து 3.2 வரை போய் வருகிறது.

கவனிக்க வேண்டியது இது: முட்டை கருவுற்ற முதல் 48 மணி நேரத்தில் ஒமேகா சுமார் 1.7க்குக் கீழே இருந்த தொகுதிகள் மொத்தத்தில் நட்டத்தில் முடிந்தன. அடி விழுவது முதல் இரண்டு நாளில், சாவு தெரிவதோ பிறகுதான். சாவு தெரியும் அன்றைய நீரைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் பாக்டீரியா மேல் சந்தேகம் போகிறது.

நுண்ணாடி:
ஒமேகா என்பது கால்சியத்தையும் கார்பனேட்டையும் பெருக்கி, அரகோனைட்டின் கரைதிறனால் வகுத்தால் வரும் எண். 1க்குக் கீழே போனால் வெறும் ஓடு கரையத் தொடங்கும். ஆனால் குஞ்சுக்கு 1 போதாது. முதல் ஓட்டை அது முட்டைக்குள் இருக்கும் கொழுப்பை எரித்தே கட்டியாக வேண்டும், வாய் திறந்து தின்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு நாளுக்குள் உடல் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் ஓடாகிவிடுகிறது. கார்பனேட் குறைந்த நீரில் அதே ஓட்டுக்குக் கூடுதல் சக்தி செலவாகும், கையிருப்பு தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு முதல் ஓடு அரகோனைட். பெரிய ஆளியின் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற இன்னொரு வகை, அது அவ்வளவு எளிதில் கரையாது. தாய் ஆளி தொட்டியில் நன்றாக இருக்கிறதே என்று குஞ்சுக்கும் நீர் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். நல்ல குஞ்சு ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்கும். கீல் பக்கம் அளவுகோல் வைத்துக் கிழித்த கோடு, விளிம்பு தெளிவு, அளவு 70 மைக்ரோமீட்டரை ஒட்டி. கெட்டதில் கீல் உள்வாங்கியிருக்கும், இரண்டு ஓடும் சரியாக மூடாமல் சதை வெளியே பிதுங்கும். தொட்டியைக் கலக்கி மேலிருந்தும் நடுவிலிருந்தும் மாதிரி எடுத்து, 100 குஞ்சு எண்ணிப் பாருங்கள். அடியிலிருந்து மட்டும் எடுத்தால் கணக்கு மோசமாகத்தான் வரும்.

கரைக்காற்று:
இதோடு ஒன்று. அதே பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வால்ட்பஸர் குழு பிஎச், கார்பன் டை ஆக்ஸைடு, ஒமேகா மூன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தது. சிறு குஞ்சின் ஓட்டைத் தீர்மானித்தது ஒமேகாதான்.

அளவைக்கல்:
அப்படியானால் ஒமேகாவை எப்படி அளப்பது? நேரடிக் கருவி கிடையாது. பிஎச், மொத்தக் காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்), கரைந்த கார்பன், கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தம், இந்த நான்கில் இரண்டு தெரிந்தால் உப்புத்தன்மை, வெப்பநிலையோடு சேர்த்துக் கணக்கிடலாம். பொரிப்பகத்துக்குத் தோதானது பிஎச்சும் காரத்தன்மையும்.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம், பிஎச் மீட்டரைக் கடையில் கிடைக்கும் 4, 7, 10 கரைசலில் சரிபார்ப்பது. அவை நன்னீர்த் தரத்துக்கானவை. கடல்நீரில் வைத்தால், கடல்நீருக்கான பிஎச் அளவுகோலான மொத்த அளவுகோலோடு (total scale) ஒப்பிட 0.1க்கு மேல் விலகும். 0.1 பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனியில் 26 சதவீத வித்தியாசம், சின்ன விஷயமில்லை. கடல்நீருக்கென்றே உள்ள ட்ரிஸ் கரைசலில் சரிபார்க்க வேண்டும், அதுவும் தொட்டியின் வெப்பநிலையிலேயே. மாதிரியை வாய்வரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி, உடனே அளந்துவிடுங்கள். அரை மணி நேரம் மேசையில் திறந்து கிடந்த நீரின் அளவு எதற்கும் உதவாது.

புதியவன்:
பிஎச் குறைந்தால் ஆப்பசோடா போட்டால் போதாதா? மீன் தொட்டிக்கு அதைத்தானே போடுகிறார்கள்.

கரைக்காற்று:
தம்பி, இங்கே அது உதவாது. ஆப்பசோடா பைகார்பனேட். காரத்தன்மையை ஏற்றும், கூடவே கரைந்த கார்பனையும் அதே அளவு ஏற்றிவிடும், ஒமேகா பேருக்குத்தான் நகரும். வேண்டியது சோடா சாம்பல், நீரற்ற சோடியம் கார்பனேட். ஒரு மோல் போட்டால் காரத்தன்மை இரண்டு ஏறும், கார்பன் ஒன்றுதான் ஏறும். 1,000 லிட்டருக்கு 10.6 கிராம் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 200 மைக்ரோமோல் உயரும். சாதாரணக் கடல்நீரில் சுமார் 2,300 இருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

படிகமாக வரும் சலவைச் சோடா என்றால் எடை மாறும். அதில் பாதிக்கு மேல் நீர்தான், அதே பலனுக்கு 28.6 கிராம் வேண்டும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் அள்ளிப் போட்டால் மூன்று மடங்கு கூடவோ குறையவோ போய்விடும்.

தூளை நேரே தொட்டியில் கொட்டவே கூடாது. விழுந்த இடத்தில் பிஎச் எகிறி, மெக்னீசியமும் கால்சியமும் வெள்ளை மேகமாகப் படியும். ஏற்ற நினைத்த கார்பனேட் அதோடு போய்விடும். நன்னீரில் முழுதாகக் கரைத்து, நீர் ஓடி வரும் குழாயில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முட்டை விடுவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும், குஞ்சு இருக்கும் தொட்டியில் அல்ல. பிஎச்சை 7.8லிருந்து 8.2க்கு ஏற்றினால் நஞ்சான அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், அழுக்கு நீரில் இது ஆபத்து.

அளவைக்கல்:
இன்னொரு சிக்கனமான வழி, நேரம் பார்த்து நீர் ஏற்றுவது. விரிகுடாவின் கடற்புல் பகலெல்லாம் கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சும், ராத்திரியில் திருப்பி விடும். விடியற்காலை நீர் மிக மோசம், பிற்பகல் நீர் நல்லது. காற்றூட்டினால் அதிகப்படி வாயு வெளியேறும். ஆனால் ஊதும் காற்றை மூடிய அறைக்குள்ளிருந்து எடுத்தால் அந்தக் காற்றிலேயே கார்பன் டை ஆக்ஸைடு கூடுதல். குழாயை வெளியே நீட்டிவிடுங்கள்.

குளிர்ந்த ஆழ்நீரை 25 டிகிரிக்குச் சூடாக்கும்போது இன்னொரு வம்பு. கரைந்த வாயு மிதமிஞ்சி, குஞ்சு உடம்பில் குமிழி ஒட்டி மேலே மிதக்கும். சூடாக்கிய பிறகு நன்றாக வாயு வெளியேற்றிவிட்டே தொட்டிக்கு விட வேண்டும்.

நுண்ணாடி:
வெப்பம் தனியாகவே கொல்லும், அதற்குச் சோடா சாம்பல் பதில் இல்லை. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் வான்கூவர் கரையில் வெப்ப அலையும் பகல்நேரக் கடல் வற்றமும் ஒன்றாக வந்தன. பாறையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டியது. கல்லுக்காய்கள் ஓடு திறந்தபடி அப்படியே வெந்து கிடந்தன. அங்கே ஓடு கரையவில்லை, சதைதான் வெந்தது. நிழலான, வடக்குப் பார்த்த பாறைகளில் இருந்தவை தப்பின.

முத்துக்குளித்துறை:
நம் பக்கத்துக்கு இதை அப்படியே எடுக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் ஒமேகா பொதுவாக ஒரேகானைவிடக் கூடுதல். தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக் குஞ்சு பொரிப்பது 1981லேயே கைகூடிவிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது வடகிழக்கு மழை. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35லிருந்து 25க்கு இறங்கினால் கால்சியமும் லிட்டருக்கு 410 மில்லிகிராமிலிருந்து 290க்கு வந்துவிடும், காரத்தன்மையும் சரியும். அப்போது சோடா சாம்பல் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். மழைக்கு முன்பே நல்ல நீரைத் தொட்டியில் சேமித்து வைப்பதே மலிவு.

சோடா சாம்பல் மூட்டையைத் திறந்தபடி கடற்கரைக் கொட்டகையில் போட்டு வைக்காதீர்கள். ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், ஒரு பகுதி பைகார்பனேட்டாகவே மாறிவிடும். பிறகு 10.6 கிராம் நிறுத்தாலும் அது 10.6 கிராம் இல்லை.