செனோட்டே குகைக்கு எந்த ஃபின் உதை?

கேள்வி: நீலக்கரை
மெக்சிகோவின் துலும் ஊருக்கு அருகிலுள்ள டோஸ் ஓஹோஸ் செனோட்டேயில் (சுண்ணாம்புப் பாறை இடிந்து உருவான நன்னீர்க் குழி) வழிகாட்டியுடன் டைவ் செய்யவிருக்கிறேன். பகல் வெளிச்சம் எட்டும் பகுதிக்குள்தான் போவோம் என்றாலும், கால்களை மேலும் கீழும் அடிக்கும் ஃப்ளட்டர் கிக் அங்கே கூடாது என்று வழிகாட்டி முன்கூட்டியே எழுதிவிட்டார். கடலில் பயின்ற எனக்குப் பழக்கமானது அது ஒன்றுதான். அதில் என்ன கேடு, அதற்குப் பதிலாக எதைப் பழகுவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஆழியன்
ஃப்ளட்டர் கிக்கில், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் இறங்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் தரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அங்கே படிந்துள்ள நுண்ணிய வண்டல் கிளம்பிவிட்டால், பின்னால் வருபவருக்கு வழிக்கயிறே தெரியாமல் போகலாம். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளோ, கடல்மட்டம் தாழ்ந்து குகை வறண்டிருந்த பனியுகத்தில் சொட்டுச் சொட்டாக உருவானவை. ஃபின் பட்டு முறிந்தால் நீருக்கடியில் அவை மீண்டும் வளரப்போவதில்லை.

தவளைபோல் உதைக்கும் ஃபிராக் கிக் பழகுங்கள். உடல் தரைக்கு இணையாக இருக்க, தொடைகள் உடலின் கோட்டை விட்டு இறங்காமல், முழங்கால்கள் ஏறக்குறைய 90 பாகை மடங்கி, ஃபின்கள் உடலைவிட உயரத்தில் நிற்க வேண்டும். கணுக்கால்களை வெளிப்புறம் திருப்பி, உள்ளங்கால்களால் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளி, இரு ஃபின்களும் ஒன்றுசேர்ந்ததும் அசையாமல் வழுக்கிச் செல்லுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அந்த ஓய்வைத்தான் விட்டுவிடுகிறார்கள். வழுக்கல் தீரும் முன்பே அடுத்த உதையைத் தொடங்குவதால் காற்றுதான் செலவாகிறது. கட்டிலில் குப்புறப் படுத்து, கணுக்கால் திரும்புகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லியும் பழகலாம் (வீட்டார் சிரிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்).

பதில்: கயல்
ஆழியன் சொல்வது சரியே. ஆனால் உதைக்கு முன், மூழ்குவதற்காகக் கட்டும் எடையைக் கவனியுங்கள். நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால், அதே வெட்சூட் (உடலோடு ஒட்டிய டைவ் உடை) அணிந்தால் கடலில் கட்டும் எடையில் ஏறக்குறைய 2 கிலோ குறைக்க நேரும். இடுப்பிலேயே எடை குவிந்திருந்தால் கால் தாழும். தாழ்ந்த காலால் எப்படி உதைத்தாலும் வண்டல் கிளம்பத்தான் செய்யும்.

அடுத்தது, முன்னால் செல்பவர் திடீரென நின்றால் பின்னோக்கி நகரக் கைகொடுக்கும் பேக் கிக். நீட்டிய கால்களின் பாதங்களை மடக்கி வெளிப்புறம் திருப்பி, ஃபினின் ஓரத்தால் தண்ணீரை உடலை நோக்கி இழுக்க வேண்டும். தொடக்கத்தில் இம்மியும் நகராது. நடுவே பிளந்த ஸ்பிளிட் ஃபினில் இது கைகூடுவது கடினம். விறைப்பான, குட்டையான ரப்பர் ஃபின் நல்லது.

பதில்: அலைமகன்
ஃப்ளட்டர் கிக்கை ஒரேயடியாகக் கைவிட வேண்டியதில்லை. கடலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போக நான் இன்றும் அதைத்தான் நம்புகிறேன். சில செனோட்டேகளில் நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் ஹாலோக்ளைன் உண்டு. முன்னால் போகிறவரின் உதையில் அவை கலந்து, காட்சி எண்ணெய் பூசிய கண்ணாடிபோல் மங்கும் என்பதால், நேர் பின்னால் போகாமல் சற்று ஒதுங்கிச் செல்லுங்கள்.

நீலக்கரை
மூவருக்கும் நன்றி. கயல் அவர்களே, எடையை இடுப்பில் அல்லாமல் வேறெங்கே வைப்பது?

கயல்
சிலிண்டரைக் கட்டும் பட்டையில் கோக்கும் சிறு பைகள் கிடைக்கின்றன. மேல் பட்டையில் 1 கிலோவை ஏற்றிவிட்டு, கை கால்களை அசைக்காமல் சற்று நேரம் மிதந்து பாருங்கள். கால்கள் இன்னும் தாழ்ந்தால் சிலிண்டரையும் தலைப்பக்கமாகச் சிறிது உயர்த்திக் கட்டுங்கள்.