வரிப் பணம் திரும்ப வருகிறது என்று வந்த மின்னஞ்சல்: டர்பன்காரர்கள் உதவுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மாமாவுக்கு (என் மாமனார்) 71 வயது. போன செவ்வாய்க்கிழமை வரித்துறையான சார்ஸ் பெயரில் ஒரு மின்னஞ்சல்: உங்களுக்கு 3,842 ராண்ட் திரும்ப வர வேண்டும், இணைப்பைத் திறக்கவும். திறந்தால் எல்லா வங்கிகளின் சின்னமும் வரிசையாக நிற்கும் ஒரு பக்கம். தன் வங்கியைத் தொட்டு, அடையாள எண், கடவுச்சொல், கடைசியில் ஓடிபி வரை போட்டுவிட்டார். பத்தே நிமிடத்தில் 9,500 ராண்ட் போயிற்று. அனுப்பியவர் முகவரியைப் பிறகுதான் பார்த்தேன். ஏதோ பூக்கடையின் பெயர்!

அன்றே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கினோம். போலீஸில் கேஸ் எண்ணும் வாங்கியாச்சு. அவர் அடையாள எண்ணில் யாரும் கடன் வாங்காமல் இருக்க, சதர்ன் ஆப்பிரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸில் இலவசமாகப் பதிந்தோம்.

"ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள், பணம் தர முடியாது" என்கிறது வங்கி. வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்க 2024 மார்ச்சில் தொடங்கிய நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் திட்டத்திடம் இப்படிப்பட்ட புகாரோடு யாராவது போயிருக்கிறீர்களா? என்னென்ன காகிதம் கேட்டார்கள், எத்தனை நாள் ஆனது?

அப்புறம், மின்னஞ்சல் எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழுத் தலைப்பு விவரத்தை (ஹெடர்) ஆண்ட்ராய்டு போனிலிருந்தே எடுக்க வழி உண்டா? இதுவரை நாங்கள் எடுத்து வைத்திருப்பது ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான். மின்னஞ்சல் வந்த பாதை அதில் தெரியாதே. மாமா அந்த மின்னஞ்சலை அழிக்கப் பார்த்தார், நல்லவேளை தடுத்துவிட்டேன்.

நேற்று ஒருவன் போன் செய்து, 500 ராண்ட் கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்றான். அந்த எண்ணை எங்கே புகார் செய்வது?