பாஸ்டர் மகன்தான் அடுத்த பாஸ்டரா? செந்தூலிலிருந்து ஒரு கேள்வி

செந்தூல்காரன்:
நாங்கள் மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். எங்களுடையது எந்தத் திருச்சபை அமைப்பின் கீழும் இல்லாத சுயாதீன சபை. கடைவரிசையில் மாடி வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்துகிறோம். இந்த வருஷக் கடைசியில் பாஸ்டர் ஓய்வு பெறுகிறார். அடுத்து தன் மகன்தான் என்று ஞாயிற்றுக்கிழமை மேடையிலேயே அறிவித்துவிட்டார். தம்பி நன்றாகப் பிரசங்கிப்பார், பாடவும் செய்வார். ஆனால் வேறெங்கும் ஊழியம் செய்ததில்லை. பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு, கணக்காய்வு முடிந்த கணக்கு, இரண்டு வருஷம் வேறு சபையில் உதவி ஊழியம், இவ்வளவுதான் நாங்கள் சிலர் கேட்டோம். உடனே கலகக்காரர்கள் ஆகிவிட்டோம். ஒரு ஊழியக்காரரிடம் எதைப் பார்க்க வேண்டும்? உங்கள் சபைகளில் எப்படி?

எலியாவின் சால்வை:
பிரதர், தேவன் எழுப்புகிற மனுஷனை வாக்குச்சீட்டில் தேடாதீங்க. ஈசாயின் வீட்டில் தாவீதின் தலையில் எண்ணெய் ஊற்றியபோது இஸ்ரவேல் ஓட்டுப் போட்டதா? 'நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்' என்று சங்கீதம் 105-இல் இருக்கு. தம்பி அப்பாவோடு தோட்டம் தோட்டமா ஜெபக்கூட்டத்துக்குப் போய் வளர்ந்த பிள்ளை. அந்தப் பயிற்சியை எந்த செமினரி, எந்த இறையியல் கல்லூரி கொடுக்கும்?

மூன்றாம் பெஞ்சு:
தாவீது கதையைப் பாதியில் நிறுத்திட்டீங்களே. எண்ணெய் ஊற்றியதும் அவர் சிங்காசனத்தில் உட்காரவில்லை. சவுலுக்குக் கீழே இருந்தார், குகைகளில் ஓடினார். கடைசியில் இஸ்ரவேலின் மூப்பர்கள் எப்ரோனுக்கு வந்து, உடன்படிக்கை பண்ணி, அபிஷேகம்பண்ணினார்கள் (2 சாமுவேல் 5). அப்போதுதான் முழு ராஜ்யமும் அவருடையது.

எண்ணெய் ஊற்றிய சாமுவேலையும் பாருங்கள். வயசானதும் தன் மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தார், அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். மூப்பர்கள் ராமாவுக்கே போய் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர்கள் என்னைத் தள்ளினார்கள் என்று கர்த்தர் சொன்னது ராஜா கேட்டதற்காக, மகன்களைப் பற்றிச் சொன்னதற்காக அல்ல (1 சாமுவேல் 8). பிறகு 12-ஆம் அதிகாரத்தில், பொறுப்பை விடும்போது, அதே சாமுவேல் சபை நடுவில் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், சொல்லுங்கள் என்று கேட்கிறார். ஓய்வு பெறுகிற பாஸ்டருக்கு இதைவிட நல்ல மாதிரி ஏது? யாரும் கேட்காமலே கணக்கைத் திறந்து வைத்தார்.

1 தீமோத்தேயு 3-ஐ எடுங்க. போதகசமர்த்தன் என்பது ஒன்றுதான் மேடையில் தெரியும். பண ஆசை, சண்டைக் குணம், வீட்டை நடத்துகிற விதம் எல்லாம் மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கடன் கொடுத்தவருக்கும் தெரிகிற சங்கதி. 'புறம்பானவர்களால் நற்சாட்சி' என்று பவுல் எழுதியதைச் சோதிக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கீழே மாமாக் கடை (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) நடத்துகிறவரையும், வாடகை வாங்குகிற சீனரையும் கேட்டாலே போதும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

மெதடிஸ்ட் மாமா:
எங்கள் பக்கம் இந்தத் தலைவலி குறைவு. ஆண்டு மாநாட்டில் நியமனப் பட்டியல் வாசிப்பார்கள், பேர் வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். சபை யாருடைய சொத்தும் இல்லை என்பதால் மகனுக்கு எழுதி வைக்க வழியில்லை. ஆனால் ஜனங்கள் ஒட்டிக்கொண்ட நல்ல போதகரையும் தூக்கிவிடுவார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எலியாவின் சால்வை:
அமைப்பு இருந்தால் பரிசுத்தம் வந்துடுமா? சென்னையில் பிறந்த சுவிசேஷகர் ரவி சக்கரியாஸின் ஊழியத்துக்கு உலகம் முழுக்க கிளைகள், போர்டு எல்லாம் இருந்தது. 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அந்த ஊழியமே வெளியிட்ட விசாரணை அறிக்கையில் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் வெளியே வந்தது. உங்க போர்டு என்னத்தைப் பார்த்தது?

நீங்க சொல்லாத இன்னொரு பக்கமும் இருக்கு. வசதியான நாலு பேர் கொமிட்டியில் உட்கார்ந்துகொண்டு தோட்டத்துக் கங்காணி மாதிரி போதகரை விரட்டுவதைப் பார்த்திருக்கேன். அவர்கள் பாவத்தைக் கண்டித்து ஒரு பிரசங்கம் செய்தால் அடுத்த மாசம் ஆள் மாற்றம். வாக்கெடுப்பு என்றால் அவர்கள் கைக்குத்தான் போகும்.

மூன்றாம் பெஞ்சு:
கொமிட்டி பற்றிச் சொன்னது நியாயம். சக்கரியாஸ் விஷயத்தில் போர்டு இருந்தது, கேட்கிற துணிவு இல்லை. 2017-இல் ஒரு பெண் புகார் சொன்னபோது அவர் வாயால் சொன்னதையே நம்பினார்கள். நீங்கள் சொன்ன சங்கீதம் 105 வேலை செய்கிற விதம் இதுதான்.

மாறாக, அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் கூட்டாளிகளும் 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். பண விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது, அந்நியப் பெண்களோடு தனியாக இருக்கக் கூடாது, உள்ளூர் சபைகளைக் குறை சொல்லக் கூடாது, கூட்ட எண்ணிக்கையை ஊதிச் சொல்லக் கூடாது. பின்னாளில் அவர் மேடைக் காணிக்கையை விட்டு நிலையான சம்பளத்துக்கு மாறினார். தன்னையே நம்பாத மனுஷன் போட்ட வேலி அது. (நாலாவதை நம் ஊரில் அமல்படுத்தினால் பாதி ஃபேஸ்புக் பதிவுகள் காணாமல் போகும்.)

பூச்சோங் பாஸ்டரம்மா:
நீங்கள் எல்லாரும் அவர் குணத்தைப் பட்டியல் போடுகிறீர்கள். பாஸ்டர் பொறுப்பை மகனிடமே ஏன் கொடுக்கிறார் என்று யாராவது யோசித்தீர்களா? பெரும்பாலான சுயாதீன சபைகளில் போதகருக்கு ஊழியர் சேமநிதி கிடையாது. 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை சம்பளம் வாங்குகிற சாதாரணத் தொழிலாளிக்கு முதலாளி 13 விழுக்காடு போடுகிறார். எங்களுக்கு அந்த மாசக் காணிக்கை எவ்வளவோ அவ்வளவு. ஓய்வு பெற்றால் வீடு இல்லை, சேமிப்பு இல்லை. மகன் மேடையில் இருந்தால்தான் அப்பாவுக்கு மருந்துச் செலவு ஓடும். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று 1 கொரிந்தியர் 9-இல் இருப்பதை யாரும் மனப்பாட வசனமாகக் கொடுப்பதில்லை.

இன்னொன்று. அந்தத் தம்பியிடம், உனக்கு விருப்பமா என்று கேட்டீர்களா? பாஸ்டர் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை.

செந்தூல்காரன்:
அக்கா, பொருளாளரிடம் விசாரித்தேன். நீங்கள் சொன்னது சரி, சேமநிதி என்று ஒன்றுமே கட்டியதில்லை. பாஸ்டருக்கு மாசாமாசம் ஓய்வுத் தொகை, புதியவருக்கு முதல் மாசத்திலிருந்தே நிலையான சம்பளமும் சேமநிதியும். எங்கள் மனுவில் இதை முதல் வரியாக வைக்கிறோம். கணக்கு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம். நாங்கள் சங்கமாகப் பதிவு செய்த சபை. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்கு போகணும். அரசாங்கம் பார்க்கிற கணக்கை விசுவாசி ஏன் பார்க்கக் கூடாது?

தம்பியிடம் நானே பேசுகிறேன். அவர் அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

எலியாவின் சால்வை:
ஓய்வுத் தொகை கொடுங்க, ஆமென். கணக்கும் காட்டுங்க. வாக்கெடுப்புக்கு மட்டும் நான் எதிர்தான். சரி, தம்பி இரண்டு வருஷம் வெளியே போனால் மேடையில் யார், உங்க கணக்காய்வாளரா?

செந்தூல்காரன்:
மூப்பர்கள் இரண்டு பேர் மாறி மாறி. மாசம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு போதகர். அவருக்குக் கொடுக்கிற கவரில் எவ்வளவு என்பதையும் கணக்கில் எழுதுவோம்.