எட்ஜ் லிஸ்ட்டுக்குத் தமிழ்ச் சொல்: ‘இணைப்புப் பட்டியல்’ பொருந்துமா?

வணக்கம்.

கோட்டுருவை (கணுக்களும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட ‘கிராஃப்’) கோப்பிலிருந்து பைத்தானில் ஏற்றும் கையேட்டு வரைவில் ‘எட்ஜ் லிஸ்ட்’ (வரிக்கு ஒரு விளிம்பாக எழுதும் கோப்பு வடிவம்) என்பதை ‘இணைப்புப் பட்டியல்’ என்று எழுதியிருக்கிறோம். ஒவ்வொரு உறுப்பும் அடுத்ததைச் சுட்டும் லிங்க்டு லிஸ்ட்டுக்கும் அதே பெயர்தான் புழங்குகிறது. இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் மாணவர் தடுமாறுவார்.

‘கணுவிணைப் பட்டியல்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. கோப்பைத் திறந்தால் கண்ணில் படுவது அதுதான்: ஒரு வரி, அதில் ‘3466 937’ என்று இரண்டு கணுக்கள். எந்தக் கணுவோடும் சேராத தனிக்கணுவுக்கு இதில் இடமே இல்லை. எழுதித் திரும்ப ஏற்றினால் அது காணாமல் போயிருக்கும். பெயரே இதைச் சொல்லிவிடும். தனிக்கணு முக்கியம் என்றால் அண்டைப் பட்டியலாக (அட்ஜசன்சி லிஸ்ட்) சேமிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வரி உண்டு.

----

> ‘கணுவிணைப் பட்டியல்’ என்று வைக்கலாம்

கருத்து சரி, ஒலி சரியில்லை. வகுப்பில் சொல்லும்போது ‘கணுவினை’ என்றே காதில் விழும். ‘கணுச்சோடிப் பட்டியல்’ என்போம். பள்ளிக் கணக்கில் ‘வரிசைச் சோடி’ ஏற்கெனவே இருக்கிறது. திசையுள்ள கோட்டுரு என்றால் வரிசைச் சோடி, திசையற்றது என்றால் வெறும் சோடி. ஏற்றும்போது அதிகம் பிழைபடும் இடமும் இதுவே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்னாப்’ பிணையத் தரவுத் தொகுப்பில், பொதுச் சார்பியல் கட்டுரைகளைச் சேர்ந்து எழுதியவர்களை இணைக்கும் கூட்டாசிரியர் பிணையத்தைப் பாருங்கள். 5,242 கணுக்கள், 28,980 தரவு வரிகள். பைத்தானின் கோட்டுரு நிரலகமான நெட்வொர்க்எக்ஸில் திசையற்றதாக ஏற்றினால் 14,496 விளிம்புகளே வரும். தரவு தொலைந்துவிடவில்லை, ஒவ்வொரு சோடியும் இரு திசையிலும் எழுதப்பட்டிருக்கிறது, தன்னோடு தானே சேரும் 12 கணுக்கள் மட்டும் ஒருமுறை.

அதே கோப்பை ஐகிராஃப் என்ற இன்னொரு நிரலகத்தின் எட்ஜ் லிஸ்ட் வாசிப்பானிடம் கொடுத்தால் ‘#’ என்று தொடங்கும் முதல் 4 குறிப்பு வரிகளிலேயே நின்றுவிடும். அவற்றை நீக்கிக் கொடுத்தால் வேறு சிக்கல்: கணு எண்கள் தொடர்ச்சியாக இல்லாமல் 20,000-ஐத் தாண்டுவதால், 0 முதல் உச்ச எண் வரை எல்லாவற்றுக்கும் கணு உருவாக்கி, ஆயிரக்கணக்கில் தனிக்கணுக்களைச் சேர்த்துவிடும். எண்களைப் பெயர்களாக எடுத்துக்கொள்ளும் என்கால் (NCOL) வாசிப்பானே இங்கே பொருத்தம்.

----

‘கணுச்சோடி’ எனக்கும் உடன்பாடு. எட்ஜுக்கு ‘விளிம்பு’ நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். கோப்பு வடிவத்துக்கு மட்டும் இந்தப் பெயர்.

மூன்றாவது நெடுவரிசையில் எடை இருந்தால் ‘எடையுள்ள கணுச்சோடிப் பட்டியல்’. இதைத் தனிப் பெயராகவே வைக்க வேண்டும். ‘0 1 2.5’ என்ற வரியை நெட்வொர்க்எக்ஸின் சாதாரண வாசிப்பானிடம் கொடுத்தால், விளிம்புத் தரவை மாற்ற முடியவில்லை என்று பிழை காட்டும். எடைக்கென்று தனி வாசிப்பான் இருக்கிறது.

கையேட்டில் இன்னொரு வரியும் சேருங்கள்: நெட்வொர்க்எக்ஸ் வாசிப்பானில் கணுவின் தரவு வகையைக் குறிக்கும் ‘நோட்டைப்’ (nodetype) என்பதற்கு ‘இன்ட்’ (int, முழு எண்) கொடுக்காவிட்டால் கணுக்கள் எழுத்துச்சரமாகவே வரும். பிறகு 3466 என்று எண்ணாகத் தேடினால் கிடைக்காது.