எம்.டி.எஃப்.-க்குத் தமிழில் என்ன? ‘பண்பேற்றக் கடத்துச் சார்பு’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

முழுச்சட்டக் கேமராவுக்கு (ஃபுல் ஃப்ரேம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார் உள்ளது) லென்ஸ் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 45 மெகாபிக்சல் நிக்கான் டி850, 61 மெகாபிக்சல் சோனி ஏ7ஆர் 4 மாதிரியான உடலுக்குக் கையிருப்பையெல்லாம் கொட்டிவிட்டு, ஃபிலிம் காலத்து ஜூம் ஒன்றை மாட்டிப் படமெடுத்து, திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, “என்னங்க, மொழுக்கென்று இருக்கிறதே!” என்று கேட்பவர்களுக்காக.

ஷார்ப்னஸ் என்றால் கூர்மை. ரெசல்யூஷன் என்றால் பிரிதிறன். டிஃப்ராக்‌ஷனுக்குப் பள்ளிக்கூடத்து விளிம்பு விளைவு இருக்கிறது, சிறு துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவுவது. இதுவரை சிக்கல் இல்லை. இரண்டு இடத்தில் நிற்கிறேன்.

முதலாவது, லென்ஸின் தரத்தைக் காட்ட நிறுவனங்கள் வரைபடமாகப் போடும் எம்.டி.எஃப்., அதாவது மாடுலேஷன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். நம் பாடநூல்களில் மாடுலேஷன் பண்பேற்றம், ஃபங்ஷன் சார்பு. ஒட்டினால் ‘பண்பேற்றக் கடத்துச் சார்பு’. படிப்பவர் பண்பலை வானொலி பற்றிய அத்தியாயம் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது, “இந்த லென்ஸ் 61 மெகாபிக்சலைத் தாங்காது” என்று கடைக்காரரிலிருந்து யூடியூபர் வரை எல்லோரும் சொல்வது. இதற்குத் ‘தாங்குதிறன்’ என்று வைத்துவிடலாமா? பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

— கோவையிலிருந்து

*

தம்பி, வணக்கம்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> ‘தாங்குதிறன்’ என்று வைத்துவிடலாமா?

வேண்டாம். இல்லாத பொருளுக்குப் பெயர் வைத்தால் அப்புறம் அது இருப்பதாகவே எல்லோரும் நம்பிவிடுவார்கள். ‘24 மெகாபிக்சல் வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது’ என்று எந்த லென்ஸிலும் கோடு போட முடியாது. படத்தில் கிடைப்பது லென்ஸ் தருவதும் சென்சார் தருவதும் சேர்ந்த பெருக்கல். சும்மா ஒரு கணக்குக்கு: ஒரு குறிப்பிட்ட நுணுக்கத்தில் கருப்பு-வெள்ளை வித்தியாசத்தில் சாதாரண லென்ஸ் கடத்துவது 0.6 பங்கு, பழைய சென்சார் 0.7 என்றால் கிடைப்பது 0.42. சென்சாரை மாற்றி அது 0.8 ஆனால் 0.48. அதே லென்ஸ்தான், படம் மேம்பட்டுத்தான் இருக்கிறது. லென்ஸையும் மாற்றி 0.8 ஆக்கினால் 0.64. ஆகப் பழைய லென்ஸ் புதிய கேமராவில் கெட்டுப்போவதில்லை. நூறு விழுக்காட்டில் பார்க்கும்போது முன்பைவிடப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், அவ்வளவுதான். உங்கள் வாசகருக்கு மொழுக்கென்று தெரிவதில் பாதி இந்தக் கண்கட்டு. கையேட்டில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள், சொல் கொடுக்காதீர்கள்.

உண்மையான சுவர் ஒன்று உண்டு, அது விளிம்பு விளைவு. ஏ7ஆர் 4-இல் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.76 மைக்ரான். அப்படியென்றால் மில்லிமீட்டருக்கு சுமார் 133 கருப்பு-வெள்ளை இணைகள் வரைதான் அந்தச் சென்சார் பிரித்துப் பதியும். துளையை எஃப்/16-க்குக் குறுக்கினால், பச்சை ஒளிக்கு, குறையே இல்லாத லென்ஸாக இருந்தாலும் 114 இணையை ஒட்டி எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். காசு கொடுத்து வாங்கிய பிக்சலின் கடைசிப் பகுதிக்கு எதுவும் போய்ச் சேராது. எஃப்/8-இல் அந்தச் சுவர் 227-க்குத் தள்ளிப்போகிறது. நல்ல லென்ஸ்கள் எஃப்/4, எஃப்/5.6-இலேயே உச்சத்தைத் தொடுவதும், உயர் பிரிதிறன் கேமராவுக்கு ‘எஃப்/16-இல் எடுத்தால் எல்லாம் கூர்மை’ என்ற பழைய நிலக்காட்சி வழக்கம் ஒத்துவராததும் இதனால்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி.

கூர்மை என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு நுணுக்கமானது வரை தெரிகிறது என்பது ஒன்று. தெரிவது எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பது இன்னொன்று. கோடாக் ஆய்வகத்தில் ஹிக்கின்ஸும் ஜோன்ஸும் 1952-இலேயே காட்டியிருக்கிறார்கள்: பிரிதிறன் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பார்ப்பவர் கண்ணுக்குப் படம் கூர்மையாகப் படுமா என்று சொல்ல முடியாது. நுணுக்கம் குறைவாக இருந்தும் விளிம்பு கறாராக விழுந்த படம் கூர்மையாகப் படும். நுணுக்கமெல்லாம் இருந்தும் பனி போர்த்தியது போல் வெளிறிய படம் மொன்னையாகப் படும். ஆகையால் கூர்மையைப் பார்ப்பவரின் உணர்வுக்கு விட்டுவிடுங்கள். நுணுக்கத்தின் எல்லைக்குப் பிரிதிறன். நடுவில் இருப்பதற்குத்தான் சொல் வேண்டும்: இவ்வளவு நுணுக்கமான வரிகளைக் கொடுத்தால், கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை பங்கை லென்ஸ் மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? எம்.டி.எஃப். கேட்பது இதை மட்டும்தான்.

‘வரித்தெளிவு’ முதலில் தோன்றியது. இரண்டு காரணத்தால் தள்ளிவிட்டேன். தெளிவு என்ற சொல்லை ஏற்கெனவே ரெசல்யூஷனுக்குப் பலர் புழங்குகிறார்கள், எதை ஒதுக்க நினைக்கிறோமோ அதுவே பின்வாசல் வழியாக வந்துவிடும். மற்றது, வரி என்றாலே ஜி.எஸ்.டி. நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை: கான்ட்ராஸ்டுக்கு எடுப்பு. எம்.டி.எஃப்.-க்கு இழையெடுப்பு.

சேலைக்கடையில் “இந்த உடம்புக்கு அந்த பார்டர் எடுப்பா இருக்கும்மா” என்று சொல்வது வேறொன்றுமில்லை, கான்ட்ராஸ்டைத்தான். பின்னணியிலிருந்து பிரிந்து முன்னே வந்து நிற்பது. ஆயிரம் பேர் அன்றாடம் சரியாகப் பயன்படுத்தும் சொல் இருக்கும்போது நாம் ஏன் அகராதிக்குள் கைவிட வேண்டும்?

இழை என்று நான் எடுத்ததற்கும் காரணம் உண்டு. இந்தத் துறையில் வரி என்றால் கருப்புக் கோடு மட்டுமா, அதன் பக்கத்து வெள்ளையும் சேர்த்தா என்ற குழப்பம் தீர்ந்தபாடில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கருப்பை ஒன்று, வெள்ளையை ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். லென்ஸ்காரர்கள் இரண்டையும் சேர்த்து ஒன்று என்பார்கள். அவர் 80 என்பது இவருக்கு 40. ஆனால் துணியில் இழை எண்ணும்போது நூலையும் அடுத்த நூல் வரையுள்ள இடைவெளியையும் சேர்த்துத்தான் ஒன்றாகப் போகிறது. ‘மில்லிமீட்டருக்கு 40 இழை’ என்றால் 40 இணை, வேறு பொருளுக்கு இடமில்லை.

பழகிப் பாருங்கள்: “நடுவில் 30 இழைக்கு எடுப்பு 0.85, மூலையில் 0.5-க்கு இறங்குகிறது.” நாக்கில் தடுக்குகிறதா?

இந்த 30-ஐப் பற்றியும் எழுதுங்கள். கேனான், நிக்கான், சோனி, சிக்மா எல்லோரும் 10 இழை, 30 இழை என்ற இரண்டுக்குத்தான் வரைபடம் போடுகிறார்கள். ஸைஸ் (Zeiss) நிறுவனம் 10, 20, 40. சென்சாரோ 133 வரை போகிறது. அதனால் 10 இழைக் கோட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், அது படத்தின் மொத்தப் பொலிவைச் சொல்வது, நல்ல லென்ஸ்களில் எல்லாம் மேலேதான் இருக்கும். 30, 40 இழைக் கோடு மூலைவரை எப்படிப் போகிறது என்பதில்தான் ஆள் தெரியும். இன்னொன்று, அந்த வரைபடங்கள் பெரும்பாலும் துளை முழுதாகத் திறந்த நிலைக்கு. எஃப்/1.4 லென்ஸின் வரைபடத்தை எஃப்/4 ஜூமின் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்து ‘ஜூமே மேல்’ என்று முடிவுகட்டுபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

— கும்பகோணம்

*

ஐயாவுக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில இருந்து.

இழை நல்லாயிருக்கு, வடிவான சொல். எடுப்பில எனக்கு ஒரு இடைஞ்சல். எங்கட பக்கம் எடுப்பு எண்டால் பகட்டு, பெருமை காட்டுறது. “அவருக்குச் சரியான எடுப்பு” எண்டால் ஆள் கொஞ்சம் மிதப்பில இருக்கிறார் எண்டு கருத்து. லென்ஸுக்கு 85 வீதம் எடுப்பு எண்டு வாசிச்சால் எங்கட பெடியள் சிரிப்பாங்கள். (ஒரு கிலோவை ஒட்டின ஸைஸ் ஓட்டஸ் 55-ஐக் கழுத்தில தொங்கவிட்டவர்களுக்கு அது பொருந்தவும் கூடும்.) சங்கீதக்காரரும் சண்டைக்கு வருவினம், அவைக்கு எடுப்பு பாட்டுத் தொடங்கிற இடம்.

விளிம்பு விளைவு எண்டு எழுதுற இடத்தில ஒருதரமாவது ‘கோணல்’ எண்டும் போடுங்கோ. நாங்கள் பள்ளிக்கூடத்தில படிச்சது அதுதான், இல்லாட்டி இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது.

அதைவிட முக்கியமானது ஒண்டு விடுபட்டிருக்கு. ஒரே லென்ஸ், ஒரே மாடல், கடையில ரெண்டை எடுத்தால் ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. கூடுதலான நிறுவனங்கள் போடுற வரைபடம் கணினிக் கணக்கு, செய்து முடிச்ச லென்ஸை அளந்தது இல்லை. ஸைஸ் அளந்ததைப் போட்டு வந்தது. அமெரிக்காவில லென்ஸ்ரென்டல்ஸ் நடத்தின ராஜர் சிகாலா ஒரே மாடலில பல லென்ஸை எடுத்து மேசையில வச்சு அளந்து, அதுகளுக்குள்ள எவ்வளவு ஏற்ற இறக்கம் எண்டதையே வரைஞ்சு காட்டினவர். காசைக் கூடக் கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும் எண்டும் நம்பேலாது. இதுக்கு ஒரு சொல் வேணும். பிரதி எண்டால் புத்தகம் மாதிரி இருக்கு.

நான் புது லென்ஸ் ஒண்டு எடுத்தால் முதல் வேலை: முக்காலியில பூட்டி, தூரத்தில வெள்ளை வானத்துக்கு முன்னால நிக்கிற ஒரு பனையை எடுத்துக்கொண்டு, துளையை முழுசாத் திறந்து, ஓலை நுனி நாலு மூலையிலயும் ஒவ்வொருக்கா வாற மாதிரி நாலு படம். ஒவ்வொரு மூலையிலயும் லைவ் வியூவில (கேமராத் திரையில நேரடியாத் தெரியிற காட்சியில) பெருப்பிச்சு, கையால குவியம் வைப்பன். மூண்டு மூலையில ஓலையின்ர கீற்றுகள் தனித்தனியா நிண்டு, நாலாவதில மட்டும் எவ்வளவு திருகினாலும் சவர்க்கார நுரை மாதிரிக் கலைஞ்சிருந்தால் உள்ளுக்கு ஒரு கண்ணாடி விலகியிருக்கு. எஃப்/8-இலயும் அது தேறாட்டி கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். நாலு மூலையும் ஒரே அளவு மங்கல் எண்டால் அது அந்த மாடலின்ர குணம், மாத்தி எடுத்தும் பிரயோசனமில்லை. ஓலையின்ர ஓரத்தில ஊதாக் கரை விழுந்தால் அது நிறப்பிறழ்ச்சி, அது வேற கதை.

*

அண்ணா, ஐயா, இருவருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னதற்கு ‘உருப்படி வேறுபாடு’ என்று போடுகிறேன். சலவைக் கணக்கிலிருந்து சந்தை வரை, எண்ணி எடுப்பதற்கு உருப்படி என்பதே எல்லோர் வாயிலும் இருப்பது. உருப்படாத உருப்படி கையில் சிக்கியவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

எடுப்பை வைத்துக்கொள்ளலாம் என்றே தோன்றுகிறது. பகட்டு என்ற பொருளும் முன்னே துருத்திக்கொண்டு நிற்பதிலிருந்து வந்ததுதானே? தவிர, கையேட்டில் அது தனியாக வருவது குறைவு, இழையெடுப்பு என்று சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். அப்போது யாரும் சிரிக்க வாய்ப்பில்லை. கோணலை முதல் இடத்திலேயே விளிம்பு விளைவோடு சேர்த்துவிட்டேன்.

‘தாங்குதிறன்’ போய்விட்டது. அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“உயர் பிரிதிறன் கேமராவுக்கு லென்ஸ் தேடும்போது விலையையோ எடையையோ முதலில் பார்க்காதீர்கள். 2013-இல் வந்த சோனி 55 மி.மீ. எஃப்/1.8 வெறும் 281 கிராம், இன்றைக்கும் 42 மெகாபிக்சல் உடலில் தாராளமாக நிற்கிறது. நீங்கள் எந்தத் துளையில் அதிகம் எடுப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எஃப்/8-இல் நிலக்காட்சி எடுப்பவருக்கு எஃப்/1.4-இன் இழையெடுப்பு எதற்கு? அவர் பார்க்க வேண்டியது மூலை, அதுவும் நான்கு மூலையும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பது. திறந்த துளையில் உருவப்படம் எடுப்பவருக்கு மூலை பொருட்டில்லை, நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கண் வந்து விழும் இடத்தில் 30 இழைக்கு எடுப்பு எவ்வளவு என்று பாருங்கள். லென்ஸை மாற்றும் முன் ஒருமுறை முக்காலியில் வைத்து எடுத்துப் பாருங்கள். 36 மெகாபிக்சல் டி800 வந்த 2012-இலேயே நிக்கான் அதற்கென்று தனியாகக் குறிப்பேடு போட்டு, முக்காலி, கேமராவுக்குள் இருக்கும் ஆடியை (மிரர்) முன்கூட்டியே தூக்கி நிறுத்துவது, லைவ் வியூவில் குவியம் வைப்பது என்றெல்லாம் சொல்லியிருந்தது. கை நடுங்கியதால் போன கூர்மையை எந்த லென்ஸும் திருப்பித் தராது.”

இன்னும் ஒன்று பாக்கி. வரைபடத்தில் முழுக்கோடாகவும் விட்டுவிட்ட கோடாகவும் வரும் ஸாஜிட்டல், மெரிடியனல். நடுவிலிருந்து மூலைக்குப் போகும் திசையில் ஓடும் இழைகளுக்கு ஆரவாக்கு, அதற்குச் செங்குத்தாக ஓடுபவற்றுக்குக் குறுக்குவாக்கு என்று எழுதிவைத்திருக்கிறேன். இரண்டும் விலகிப் போகும் இடத்தில் மூலையில் உள்ள விளக்குப் புள்ளி ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும் என்று படத்தோடு போடப் போகிறேன். ஆரம் இலங்கையில் ஆரை என்பதால் ‘ஆரைவாக்கு’ என்றே இரு கரைக்கும் பொதுவாக வைக்கலாமா? அச்சுக்குப் போவதற்குள் யாராவது சொன்னால் மாற்றிவிடுகிறேன்.

— கோவையிலிருந்து