உதவி தேவை: 1/16 ஊரல் ஆர்மி ட்ரக், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா லைட் மங்கி வண்டி நின்னுடுது

யீஷூன்_ஆறுவீல்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு 1/16 அளவு ரிமோட் கண்ட்ரோல் ஊரல்-4320 (ரஷ்ய ராணுவ லாரி) ட்ரக்க கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டு வர்றேன், ஆறு வீலும் இழுக்குற கிட், வந்தப்ப உள்ள எல்லாமே ப்ளாஸ்டிக்கு, இப்ப ஆக்சில், கியர், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் மெட்டல், மோட்டார் 370, ஸ்டியரிங்குக்கு 20 கிலோ டிஜிட்டல் சர்வோ (ரிமோட் சொல்ற கோணத்துக்கு வீல திருப்புற சின்ன மோட்டார்), பேட்டரி 2எஸ் (ரெண்டு செல்) லிப்போ. ஹெட்லைட், இண்டிகேட்டர், ப்ரேக் லைட், கேபின் லைட்டு, அதோட ஒரு சவுண்ட் போர்டு. பின்னாடி தொட்டில கனமா இருக்கட்டும்னு தூண்டில் ஈயம் வெச்சிருக்கேன், அதுக்கு மேல கான்வாஸ் கூடாரம் போடுற ப்ளான்.

வீட்டுக்குக் கீழ வாய்ட் டெக்ல (ப்ளாக் அடித்தளத்து வெறும் தரை) ஓட்டினா ஒரு பிரச்சினையும் இல்ல. ஈஸ்ட் கோஸ்ட் மணல்ல கொண்டுபோய் விட்டா கொஞ்ச நேரம் நல்லா போவுது, அப்புறம் ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சுப் பிடிச்சா லைட்டெல்லாம் மங்குது, வண்டி அப்படியே நிக்குது, ஒரு செகண்ட் கழிச்சு ஈஎஸ்சி (மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) பீப் பீப்னு கத்திட்டு திரும்ப உயிர் வருது. பேட்டரி ஃபுல் சார்ஜ்லயும் இப்படித்தான்.

ரெண்டாவது சந்தேகம் பெயிண்ட். பச்சை நல்லா வந்துச்சு, மேல மேட் கிளியர் ஸ்ப்ரே அடிச்சதும் கேபின் கூரை, பானட்டு ரெண்டுலயும் வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. இத காப்பாத்த முடியுமா இல்ல எல்லாத்தையும் உரிச்சுட்டு முதல்லேர்ந்து அடிக்கணுமா? அப்படியே நம்பர் ப்ளேட்டு நம்ம சிங்கப்பூர் ஆர்மி வண்டில வர்ற எம்ஐடி எழுத்து போடலாமான்னும் ஒரு ஆசை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காற்றாடி_பிரியன்

ப்ரோ இது சிக்னல் பிரச்சினையா இருக்கும்னு தோணுது. மெட்டல் பார்ட் நிறைய போட்டா ரிசீவர் ஆன்டெனாவ மறைக்கும், எனக்கு ஒரு ப்ளேன்ல அப்படி ஆகியிருக்கு. ஆன்டெனா வயர சேஸிஸ் மேல படாம கேபின் கூரைக்குள்ள நேரா தூக்கி ஒட்டிப் பாருங்க.

சால்டர்_மணி

ஆன்டெனாவ தூக்கி வெக்கிறது நல்லதுதான், ஆனா இங்க அது காரணம் இல்ல தம்பி. சிக்னல் போனா வண்டி நிக்கும், லைட் மங்காது. ஈஎஸ்சி திரும்ப பீப் அடிக்குதுன்னா அது கரண்டு போய் கரண்டு வந்ததுக்கு அடையாளம், புதுசா ஆன் பண்ணினப்ப என்ன சத்தம் வருமோ அதே சத்தம்தானே? அப்ப ரிசீவருக்குப் போற 5 வோல்ட்டு எங்கயோ சரியுது.

உங்க ஈஎஸ்சிக்குள்ளயே ஒரு பிஇசி இருக்கும், பேட்டரி வோல்ட்டேஜ 5 வோல்ட்டா குறைச்சு ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுக்குறது அதுதான். சின்ன ப்ரஷ்டு ஈஎஸ்சில பெரும்பாலும் 1 ஆம்பியர் லீனியர் பிஇசிதான் வரும். 20 கிலோ சர்வோ முட்டி நின்னா தனியாவே 2 ஆம்பியருக்கு மேல கேக்கும், அதோட நீங்க லைட்டு, சவுண்ட் போர்டு வேற அதே லைன்ல தொங்க விட்டிருக்கீங்கன்னு நெனக்கிறேன். இன்னொன்னு, லீனியர் பிஇசி மிச்ச வோல்ட்டேஜ சூடாத்தான் கழிக்கும். ஃபுல் சார்ஜ் 2எஸ் 8.4 வோல்ட்டு, அதுலேர்ந்து 5 போக 3.4, 1 ஆம்பியர் இழுத்தா 3.4 வாட் சூடு ஒரு பொடி சிப்புல. மணல்ல மோட்டார் மூச்சு வாங்குறப்ப ஈஎஸ்சியே கொதிக்கும், ரெண்டும் ஒரே உறைக்குள்ள இருக்கு. வாய்ட் டெக்ல வராம மணல்ல மட்டும் வர்றதுக்கு இது போதும்.

ஊகமா எதையும் வாங்க வேணாம், மல்டிமீட்டர் இருந்தா ரிசீவர்ல காலியா இருக்குற சேனல்ல சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல வெச்சு அளங்க. வண்டிய ஒரு டப்பா மேல தூக்கி வெச்சு வீல் தரைல படாம ஸ்டியரிங்க முழுசா ஒடிங்க. அதே நேரம் பேட்டரி வோல்ட்டேஜும் பாருங்க.

யீஷூன்_ஆறுவீல்

மணி அண்ணே அளந்துட்டேன். சும்மா நிக்கிறப்ப 5.0. லைட் எல்லாம் போட்டா 4.8. வீல் காத்துல இருக்கு, இடதுபக்கம் முழுசா ஒடிச்சா சர்வோ ங்ஙு...ன்னு முனகுது, மீட்டர் 3.2 காட்டுது, லைட் மங்குது. வலதுபக்கம் 4.3 வரைக்கும்தான் இறங்குது. பேட்டரி 8 வோல்ட்டுக்குக் கீழ இறங்கவே இல்ல. லைட்டு சவுண்டு எல்லாம் நீங்க சொன்ன மாதிரி ரிசீவர்லேர்ந்துதான் எடுத்திருக்கேன். வீல் தரைலயே படல, அப்புறம் ஏன் சர்வோ இவ்வளவு கஷ்டப்படுது?

சால்டர்_மணி

சர்வோ முனகுறதுதான் பதில். மெட்டல் ஆக்சில்ல நக்கிள் (முன் வீல தாங்கித் திரும்புற துண்டு) திரும்புற கோணம் பழைய ப்ளாஸ்டிக்க விட கம்மியா இருக்கும், நக்கிள் ஆக்சில் மேல முட்டி நின்னுடுது, சர்வோவுக்கு அது தெரியாது, ரிமோட் சொன்ன இடத்துக்குப் போகணும்னு தள்ளிக்கிட்டே இருக்கு. இடது வலது வித்தியாசம் வர்றதுக்குக் காரணம் சர்வோ ஹார்ன் (சர்வோ தண்டுல மாட்டுற கை) நடுவுல உக்காரல. முதல்ல ரிமோட்ல ட்ரிம்ம ஜீரோவுக்குக் கொண்டாந்து, ஹார்ன கழட்டி சர்வோ நடுவுல இருக்குறப்ப வீல் நேரா நிக்கிற மாதிரி மாட்டுங்க, பல் சரியா அமையலன்னா ஸ்டியரிங் ராடு நீளத்த திருகி சரி பண்ணுங்க. அப்புறம் ரிமோட்ல எண்ட் பாயிண்ட் (சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம்ங்குற எல்லை) செட்டிங் இருந்தா ரெண்டு பக்கமும் தனித்தனியா குறைங்க, இல்லன்னா டூயல் ரேட் (ரெண்டு பக்கத்துக்கும் சேத்து திரும்புற அளவு) திருகையாவது குறைங்க, முனகல் நிக்கிற வரைக்கும். இதுக்கு காசே இல்ல.

அடுத்து கரண்டு. தனியா ஒரு ஸ்விட்சிங் யுபிஇசி (ஈஎஸ்சிக்கு வெளிய இருக்குற தனி பிஇசி), 5 ஆம்பியர் தாங்குறது, பேட்டரிலேர்ந்து நேரா எடுங்க. ஈஎஸ்சிலேர்ந்து ரிசீவருக்கு வர்ற மூணு வயர் ப்ளக்குல நடு சிவப்பு வயர மட்டும் ஊசியால பின்ன நெம்பி வெளிய எடுத்து ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிடணும், இல்லன்னா ரெண்டு பிஇசியும் ஒரே லைன்ல மோதும். இத விட்டுடாதீங்க. யுபிஇசி ப்ளக்க ரிசீவரோட பேட்டரி சேனல்ல மாட்டுங்க. அவுட்புட்ட 6 வோல்ட்டுக்கு மாத்துறதுக்கு முன்னாடி ரிசீவர், சவுண்ட் போர்டு ரெண்டும் 6 தாங்குமான்னு பாக்கணும், சந்தேகம்னா 5லயே விடுங்க.

லைட்ட ரிசீவர்லேர்ந்து பிரிச்சு யுபிஇசிலேர்ந்தே தனி கிளையா எடுங்க, சிக்னல் வயர் மட்டும் ரிசீவருக்கு. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். வெள்ளை எல்இடி 3 வோல்ட்டு எடுத்துக்கும், மிச்சம் 2, 15 மில்லி ஆம்பியருக்கு 133 ஓம் வருது, 150 போடுங்க. சிவப்பு, அம்பர் 2 வோல்ட்டு, மிச்சம் 3, 220 போடுங்க. 1/16 ஹெட்லைட்டுக்கு அதுவே ஜாஸ்தி, 470 போட்டா பழைய ராணுவ வண்டி மங்கல் வெளிச்சம் அழகா வரும். சிம் லிம் டவர்ல ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் கிடைக்கும், பேர் குழம்பி சிம் லிம் ஸ்கொயருக்குப் போயிடாதீங்க. போறப்ப 0.1 மைக்ரோ ஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர் மூணு வாங்கி மோட்டார்ல ரெண்டு முனைக்கும் நடுவுல ஒண்ணு, ஒவ்வொரு முனைலேர்ந்தும் மோட்டார் உடம்புக்கு ஒண்ணுன்னு சால்டர் பண்ணிடுங்க, ப்ரஷ் தீப்பொறி இரைச்சல் சவுண்ட் போர்டுல கரகரன்னு கேக்காது.

டன்னர்_டிரைவர்

என்எஸ்ல (தேசிய சேவை) நான் ட்ரான்ஸ்போர்ட் ஆப்பரேட்டர், ஃபைவ் டன்னர் ஆர்மி லாரி ஓட்டினவன், அதனால இந்த இழையப் பாத்துட்டு சும்மா போக முடியல.

கனத்தப் பத்தி யாரும் சொல்லல. ஈயத்த தொட்டில வெச்சா பாரம் பூரா பின்னாடி ரெண்டு ஆக்சில்ல உக்காருது, முன் வீல் லேசாயிடும். கிட்ல மூணு ஆக்சிலும் டிஃப் (ரெண்டு பக்க வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) இல்லாம பூட்டினதுதானே, பின்னாடி நாலு வீலும் சேந்து வண்டிய நேரா தள்ளும், மணல்ல முன் வீல் ஒடிஞ்சு நின்னாலும் வண்டி திரும்பாது. நீங்க இன்னும் ஒடிப்பீங்க, சர்வோ இன்னும் முட்டும். ஈயத்த எடுத்து பாதிய முன் ஆக்சிலுக்கு மேல சேஸிஸ் ரெயிலுக்கு நடுவுல தாழ வைங்க, மிச்சத்த டீசல் டேங்க், பேட்டரி பெட்டி உள்ள ஒளிச்சிடுங்க. வீல் ரிம்முக்குள்ள வெக்காதீங்க, அது சர்வோவுக்குத்தான் சுமை. சாய்வுல கவுறாது, திரும்புறதும் நல்லா இருக்கும்.

எம்ஐடி ப்ளேட் விஷயம். எம்ஐடின்னா மினிஸ்ட்ரி ஆஃப் இன்டீரியர் அண்ட் டிஃபென்ஸ், 1970லயே அந்த அமைச்சு ரெண்டா பிரிஞ்சுடுச்சு, ஆனா நம்ம ஆர்மி வண்டில இன்னைக்கும் அந்த மூணு எழுத்துதான் ஓடுது. எனக்கும் அது மேல பாசம் உண்டு. ஆனா ஊரல்ல அத ஒட்ட மனசு வரல, நம்ம கேம்ப்ல ஊரல் நான் பாத்ததே இல்ல. பக்கத்துலயே வியட்நாம் ராணுவம் ஊரல் ஓட்டுது, அவங்க ப்ளேட்டு சிவப்பு, எழுத்து வெள்ளை, பச்சை வண்டில எடுப்பா இருக்கும். அதோட அந்த ஊரு மேட்டுநிலத்துல செம்மண்ணு, ஆக நம்ம ஊரு செம்மண் நிறத்துல அழுக்கு அடிச்சாலும் பொருந்தும். ஒண்ணு கவனிங்க, 4320 தயாரிப்புக்கு வந்ததே 1977ல, மியாஸ் ஃபேக்டரில. வியட்நாம் போர் 1975ல முடிஞ்சது. போர்க்கால வண்டியா காட்டணும்னா அது ஊரல்-375, பெட்ரோல் எஞ்சின். 4320 டீசல், அதனால சைலன்சர் வாய்ல கரி தாராளமா காட்டலாம்.

அழுக்கு எங்க படியும்னு ஒரு டன்னர் ஓட்டினவனா சொல்றேன். மட்கார்டு உள்பக்கம், பின் ஆக்சில் மேல, ஸ்பேர் டயர் அடில கெட்டியா சேறு. கேபின் படிக்கட்டுல பூட்ஸ் பட்டு பெயிண்ட் தேஞ்சு இரும்பு தெரியும், அதுவும் டிரைவர் பக்கம்தான் ஜாஸ்தி, ஊரலுக்கு அது இடது பக்கம், நம்ம டன்னர நெனச்சுக்கிட்டு வலது பக்கம் தேய்ச்சுடாதீங்க. டெயில்கேட் கொக்கி, கைப்பிடி சுத்தி தேய்மானம். டீசல் ஊத்துற மூடிக்குக் கீழ எண்ணெய் வழிஞ்ச கறை, அதுல தூசு ஒட்டி கருத்திருக்கும். கதவு நடுவுல யாரும் உரசுறதில்ல, அங்க பெயிண்ட உரிச்சு வெச்சா பாக்குறவனுக்கு உடனே உறுத்தும்.

தெம்பனிஸ்_வானதி

பெயிண்ட்ட உரிக்க வேணாம் தம்பி. அது ஈரப்பதம் பண்ற வேலை. லாக்கர் ஸ்ப்ரே ஆவியாகுறப்ப மேற்பரப்பு குளிர்ந்துபோகுது, காத்துல இருக்குற ஈரம் அதுல படிஞ்சு ஃபிலிமுக்குள்ள மாட்டிக்குது. சிங்கப்பூர்ல விடியக்காலைல ஈரப்பதம் 90 சதவிகிதத்துக்கு மேல, மழை இல்லாத நாள்ல மத்தியானம் 60 பக்கம் இறங்கும். அதனால மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு அடிங்க, மழை வர்ற மாதிரி மூடாப்பா இருந்தா அன்னைக்கு விட்டுடுங்க. கிளியர் கெட்டியா அடிச்சாலும் மேட் பொடி சேந்து வெளுக்கும், தூரத்துலேர்ந்து பனி மாதிரி மெல்லிசா ரெண்டு மூணு தடவை.

வெளுத்தத சரி பண்ண, அதே லாக்கர் வகையில க்ளாஸ் கிளியர லேசா ஒரு தடவை அடிங்க. அடில இருக்குறத கரைச்சு ஈரத்த வெளிய விடும், தெளிஞ்சுடும். நல்லா காஞ்சப்புறம் வாஷ் (நீர்த்த பெயிண்ட்ட ஓரத்துல ஓட விட்டு அழுக்கு காட்டுறது) வேலை எல்லாம் அந்த பளபளப்பு மேலயே பண்ணிட்டு கடைசில மேட் அடிங்க. வாஷ் பளபளப்பு மேலதான் ஓரத்துல ஓடி உக்காரும். காரிடார்ல அடிச்சா வாடைக்கு அக்கம்பக்கம் வந்துடுவாங்க, சர்வீஸ் யார்டு ஜன்னல் பக்கம் பெரிய அட்டைப்பெட்டி வெச்சு ஃபேன் வெளிய தள்ளுற மாதிரி வெச்சு அடிங்க, ஆர்கானிக் வேப்பர் மாஸ்க் கண்டிப்பா. அடுப்பு எரியறப்ப அந்தப் பக்கமே போகாதீங்க.

எனாமல் வாஷ்ல ஒரு ஆபத்து இருக்கு. கிட் பாடி ஏபிஎஸ், திருகு முறுக்கின இடத்துல எனாமல் தின்னர் ஊறினா சும்மாவே விரிசல் விடும். பாடிய சேஸிஸ்லேர்ந்து கழட்டி, திருகெல்லாம் எடுத்துட்டு, வாஷ் முழுசா காஞ்சப்புறம் மாட்டுங்க. செம்மண்ணுக்கு தாமியா எக்ஸ்எஃப்-52 ஃப்ளாட் எர்த்ல துளி சிவப்பு கலந்தா போதும், மேல தூசுக்கு எக்ஸ்எஃப்-57 பஃப் ரொம்ப நீர்த்து.

கான்வாஸுக்கு கடைத் துணி வாங்காதீங்க, தடிமன் தெரிஞ்சுடும். அம்மாவோட பழைய வாயில் புடவை இருந்தா அதுதான் வேணும், துவைச்சுத் துவைச்சு மெல்லிசா ஆனது. கம்பி வளைவு மேல போட்டு, வெள்ளை கம்முல மூணு பங்கு தண்ணி கலந்து பூசி, காயறதுக்குள்ள வளைவுக்கு வளைவு நடுவுல விரலால லேசா அழுத்தி தொங்கல் குடுங்க. நெஜ கான்வாஸ் விறைப்பா நிக்காது. மேல்பக்கம் வெயில்ல வெளுத்த நிறம், கீழ் ஓரம் கருப்பா.

யீஷூன்_ஆறுவீல்

முடிஞ்சது. ஹார்ன் ஒரு பல் தள்ளி இருந்துச்சு, நடுவுல உக்கார வெச்சு எண்ட் பாயிண்ட் குறைச்சதும் முனகல் நின்னுடுச்சு, அதுக்கே 4.6க்குக் கீழ இறங்கல. யுபிஇசி போட்டு சிவப்பு வயர எடுத்தப்புறம் லைட் எல்லாம் எரியவிட்டு ஸ்டியரிங் முழுசா ஒடிச்சா 5.0 அப்படியே நிக்குது. ஈயத்த டன்னர் அண்ணே சொன்ன இடத்துக்கு மாத்திட்டேன், ஈஸ்ட் கோஸ்ட்ல நேத்து பேட்டரி தீர்ற வரைக்கும் ஓட்டினேன், ஒரு தடவையும் நிக்கல, திரும்புறதுல அவ்வளவு வித்தியாசம். ஹெட்லைட்டுக்கு 470 ஓம்தான், சாயங்காலத்துல பாக்க ஷியோக்கா இருக்கு. வானதி அக்கா, க்ளாஸ் அடிச்சதும் பானட்டு தெளிஞ்சுடுச்சு, கூரைல ஓரத்துல கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருக்கு.

தெம்பனிஸ்_வானதி

ஓரத்துக்கு மட்டும் இன்னொரு மெல்லிய கோட் போதும். மிச்சத்த தூசு வாஷ் மூடிக்கும்.

சால்டர்_மணி

ஈஸ்ட் கோஸ்ட் மணல்னா உப்பு. வீட்டுக்கு வந்ததும் ஆக்சில நல்ல தண்ணி நனைச்ச ப்ரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சு ஃபேன்ல காய வெச்சு, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். அன்னைக்கே பண்ணணும், மறுநாள் துரு தெரிய ஆரம்பிச்சுடும். ரிசீவர் டப்பா மூடிக்கு ஓரத்துல கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி வைங்க.