பாஹா டிவைட் பாலைவன வழி: மணலுக்கு என் டயர் தாங்குமா?

ஆலைச் சைக்கிள், சுங்கை சிப்புட்:

வணக்கம். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன், எல்லாம் தோட்டத்துச் செம்மண் சடக்கில்தான். வரும் டிசம்பரில் நானும் மச்சானும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் போகும் பாஹா டிவைட் என்ற நெடுந்தூர சைக்கிள் வழியில் போகிறோம். அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கி சான் ஹோசே டெல் காபோ வரை சுமார் 2,700 கிலோமீட்டர். எங்களுக்கு ஐந்து வாரம்தான் லீவு, அதனால் வழியிலுள்ள சான் இக்னாசியோ என்ற ஊரோடு நிறுத்திக்கொள்வோம்.

மணல் பழகலாம் என்று போன ஞாயிறு பத்து காஜா பக்கம் ஒரு பழைய ஈய லம்பத்துக்கு (ஈயம் தோண்டிய சுரங்க மணல்வெளி) போனேன். 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல அகல டயர், காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ. இருபது மிதி மிதிப்பதற்குள் முன்சக்கரம் புதைந்து, ஹேண்டில் திரும்பி, ஆள் கீழே. நான்கு தடவை முயன்றேன், நான்கு தடவையும் அதே கதை. 300 மீட்டரில் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். லம்பத்திலேயே இப்படி என்றால் பாலைவனம் முழுக்க எப்படிப் போவது? வழி முழுக்க மணல்தானா? டயரை மாற்றியே ஆக வேண்டுமா? டிசம்பர் சரியான மாதமா?

பட்டறை, கோலகங்சார்:

தம்பி, 28 பி.எஸ்.ஐ.யில் எந்த டயரும் மணலைக் கிழித்துக்கொண்டு உள்ளேதான் போகும். காற்றை இறக்கினால் டயர் தட்டையாகப் பரவி மேலே மிதக்கும். ஆனால் 2.25 டயரில் ரொம்ப இறக்கினால் அடுத்த கல்லில் ரிம் நசுங்கும். உங்கள் சிக்கல் அங்கேதான்.

ஓட்டும் விதமும் முக்கியம். மணல் தெரிந்ததும் முன்கூட்டியே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறையுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் இடுப்பால் திருப்புங்கள். மிதியை மட்டும் நிறுத்தவே கூடாது.

லம்ப அக்கா, கம்பார்:

நான் அந்த வழியில் பாதிக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், ஜனவரி, பிப்ரவரியில். பாலைவனம் என்றதும் நம் கண்ணுக்கு மணல்மேடுதான் வருகிறது. பாஹா அப்படியில்லை. கல், சரளை, ஆளைவிடப் பல மடங்கு உயரக் கள்ளிச் செடிகள், கட்டாவின்யா பக்கம் வீடு பெரிசுக்குப் பாறைகள். மணல் பெரும்பாலும் காய்ந்த காட்டாற்றுப் படுகைகளில் இருக்கும். வழி அந்தப் படுகைக்குள் இறங்கினால் சில நாள் மணிக்கணக்கில் அதிலேயே ஓடும், மறுநாள் ஒரு பிடி மணல்கூட இருக்காது. எந்தப் பகுதியில் எந்தத் தரை என்று துண்டு துண்டாகக் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

என்னை உண்மையில் வாட்டியது தகரக் கூரை மாதிரி வரி வரியாகக் கிடக்கும் சடக்குதான். லோரியும் ஜீப்பும் வேகமாகப் போய்ப் போய் உலர்ந்த மண் அப்படி அலை அலையாகிவிடுகிறது. ஒரு நாள் முழுக்க அதில் ஓட்டிவிட்டு, ராத்திரி கூடாரத்தின் ஜிப்பை இழுக்க விரல் மடங்கவில்லை. அகல டயர் மணலைவிட இதற்குத்தான் அதிகம் உதவியது. இந்த வழியை வரைந்த நிக்கோலஸ் கார்மனும் லேல் வில்காக்ஸும் மூன்று அங்குல டயர் என்றுதான் சொல்கிறார்கள். சும்மா சொல்லவில்லை.

அப்புறம் முள். அங்கே கிடப்பது நெருஞ்சி, நம் பாட்டிமார் கஷாயத்துக்குத் தேடுகிற அதே செடி. ட்யூப் போட்டுப் போனால் ஒட்டுப் போட்டே நாள் போய்விடும். ட்யூப்லெஸ் ஆக்கி, உள்ளே ஓட்டை அடைக்கும் டயர்ப் பால் ஊற்றிக்கொண்டு போங்கள். முதல் முள்ளைப் பிடுங்கியபோது வெள்ளையாகக் கொப்புளித்து, சக்கரத்தை நாலு சுற்று சுற்றுவதற்குள் ஓட்டை அடைத்துக்கொண்டது. கூடவே அமோனியா வாடை. எங்கள் அம்மாச்சி பால்மரம் வெட்டியவர். வாளியில் பால் உறையாமலிருக்க அந்த மருந்தைத்தான் ஊற்றுவார்கள். பல கம்பெனிகளின் டயர்ப் பால் ரப்பர்ப் பாலிலிருந்து வருவதுதான், ஓட்டையில் உறைந்து ஒட்டுப்பாலாகிவிடுகிறது. அங்கே காற்று உலர்வு, சீக்கிரம் காய்ந்துபோகும். கையில் ஒரு குப்பி கூடுதலாக வையுங்கள்.

டிசம்பர் சரிதான். நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே காலம். ஆனால் வடபகுதியில் மழை பெய்வதும் குளிர்காலத்தில்தான். மழை பெய்தால் களிமண் சடக்கு பிசினாகிவிடும். டயரில் அப்பி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. அதில் தள்ளிக்கொண்டு போகப் பார்க்காதீர்கள். கூடாரம் போட்டு, வெயில் ஏறித் தரை காயும்வரை உட்காருங்கள்.

ஆலைச் சைக்கிள், சுங்கை சிப்புட்:

அக்கா, ரொம்ப நன்றி. நெருஞ்சியை நான் நினைத்தே பார்க்கவில்லை. பின்சக்கரம் போகும் இடத்தில் பிரேமின் இடைவெளியை அளந்தேன், 83 மில்லிமீட்டர். மூன்று அங்குலம் நுழையுமா அண்ணே?

பட்டறை, கோலகங்சார்:

நுழையும், ஆனால் வேண்டாம். மூன்று அங்குலம் என்றால் 76 மில்லிமீட்டர். பக்கத்துக்கு மூன்றரைதான் மிஞ்சும். அக்கா சொன்ன களிமண் வந்தால் அந்த இடைவெளி அரை நிமிடத்தில் அடைந்து பெயிண்டை உரித்துவிடும். 27.5 அங்குலச் சக்கரத்தில் 2.8 டயர் போடுங்கள். 71 மில்லிமீட்டர், பக்கத்துக்கு ஆறு மிஞ்சும். வண்டி அரை சென்டிமீட்டர்போல இறங்கும், கல் வழியில் பெடல் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஃபோர்க்கையும் மறக்காமல் அளந்துவிடுங்கள்.

லம்ப அக்கா, கம்பார்:

இன்னொன்று தம்பி. தண்ணீர்க் கடையே இல்லாத நீளமான பகுதிகள் உண்டு, 10 லிட்டர் எடுத்துப்போக வண்டியில் இடம் வேண்டும். அது 10 கிலோ. வெறும் வண்டியில் மணலை ஓட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை, முழுப் பாரத்தோடு போங்கள். மழைக்கு மறுநாள் லம்ப மணல் இறுகிக் கிடக்கும், அன்று சுலபமாக ஓடும், ஏமாந்துவிடாதீர்கள். நாலு நாள் வெயில் காய்ந்த பிறகு போங்கள்.

ஆலைச் சைக்கிள், சுங்கை சிப்புட் (மூன்று வாரம் கழித்து):

27.5, 2.8 போட்டாயிற்று. முன்னால் 14, பின்னால் 17 பி.எஸ்.ஐ. ஐந்து நாள் மழையில்லை. 10 லிட்டர் தண்ணீரும் கூடாரமும் கட்டிக்கொண்டு அதே லம்பத்துக்குப் போனேன். அதே 300 மீட்டரில் இரண்டே இடத்தில்தான் இறங்கினேன், இரண்டும் திருப்பத்தில். ஹேண்டிலை என்னையறியாமல் இறுக்கிவிடுகிறேன், அண்ணன் சொன்னது அப்படியே. முன்சக்கரம் விட்டுப்போன தடத்தைத் திரும்பி நின்று பார்த்தேன். போன தடவை கத்தி கீறியதுபோல ஆழமாக இருந்தது, இப்போது உள்ளங்கை அகலத்துக்கு மேலோட்டமாகப் பதிந்திருக்கிறது.

இனிப் பார்க்க வேண்டியது சேறு. மழை பெய்த மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் தோட்டத்துக் குலை லோரிச் சடக்கில் பாரத்தோடு ஓட்டி, ஆறு மில்லிமீட்டர் போதுமா என்று பார்க்கப் போகிறேன். கோலகங்சார் அண்ணன் வர முடிந்தால் நல்லது, ஃபோர்க் பக்கத்தை நேரில் காட்ட வேண்டும்.